'லைட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிர்ச்சொல் ஒன்றா, பலவா?

கேள்வி

வணக்கம். ஆங்கிலத்தைத் தொடக்க நிலையில் கற்பவர்களுக்காக எதிர்ச்சொல் பயிற்சித்தாள் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். 'ஹாட்' என்றால் 'கோல்ட்', 'ரிச்' என்றால் 'புவர்' என்று தடையின்றிப் போய்க்கொண்டிருந்த பட்டியல் 'லைட்' என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டது. ஒரு பயிற்சி நூல் 'டார்க்' என்கிறது. மற்றொன்று 'ஹெவி' என்கிறது. இரண்டும் சரியே என்றாலும், 'லைட் ஸ்லீப்', 'லைட் விண்ட்' போன்ற தொடர்களில் இவ்விரண்டுமே பொருந்துவதாகத் தோன்றவில்லை. கோடிட்ட இடத்தில் ஒரே விடையை எதிர்பார்ப்பது முறைதானா?

மறுமொழி 1

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இது பல பொருள் கொண்ட ஒரு சொல் அன்று; எழுத்திலும் ஒலிப்பிலும் ஒன்றாகிப்போன இரண்டு சொற்கள். ஒளியைக் குறிக்கும் 'லைட்' லத்தீனின் 'லூக்ஸ்' என்ற சொல்லோடும், எடைக் குறைவைக் குறிக்கும் 'லைட்' லத்தீனின் 'லெவிஸ்' என்ற சொல்லோடும் உறவுடையவை. ஜெர்மன் மொழியில் இன்றும் ஒளிக்கு 'லிஷ்ட்', எடைக் குறைவுக்கு 'லைஷ்ட்' என்று இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. ஆங்கிலத்திலோ அவை ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. நல்ல அகராதிகள் இவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகத் தருவதன் காரணம் இதுவே. அறையின் வெளிச்சம், நிறத்தின் வெளிர்மை ஆகியவை முதல் சொல்லைச் சேர்ந்தவை. அவற்றுக்கு 'டார்க்' எதிர்ச்சொல். பெட்டியின் கனமின்மை இரண்டாம் சொல்லைச் சேர்ந்தது. அதற்கு 'ஹெவி' எதிர்ச்சொல்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனால் கேட்டவரின் சிக்கல் அதோடு தீரவில்லை. எடையைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே எதிர்ச்சொல் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. மழைக்கும், போக்குவரத்து நெரிசலுக்கும், தொழில் துறைக்கும், மண்ணுக்கும்கூட 'ஹெவி' பொருந்தும். மணற்பாங்கான மண் 'லைட்', களிமண் 'ஹெவி'. காற்று என்று வந்தால் 'ஸ்ட்ராங்' என்கிறார்கள். உறக்கத்துக்கு 'டீப்' என்பதே இயல்பு. ஆனால் உறங்கும் ஆளைச் சொல்லும்போது 'ஹெவி ஸ்லீப்பர்' என்று மீண்டும் 'ஹெவி' வந்துவிடுகிறது. நீதிமன்றம் விதிக்கும் தண்டனைக்கு 'ஹெவி', 'ஹார்ஷ்' இரண்டும் வழங்குகின்றன.

இந்த மாற்றத்தைத் தொல்லையாகக் கருதாமல், ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. 'லைட் ஜாக்கெட்' என்று எழுதிவிட்டு, அதன் எதிர்நிலை என்ன என்று மாணவரைக் கேளுங்கள். 'டார்க்' என்பவர் நிறத்தை எண்ணுகிறார். 'ஹெவி' என்பவர் துணியின் கனத்தை எண்ணுகிறார். ஒரு தொடர் ஈரடியாக நிற்கிறதா என்பதைக் கண்டறிய, சொற்பொருளியலில் எதிர்ச்சொல்லை வைத்தே சோதிக்கும் வழக்கம் உண்டு.

கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் 'ஸ்ட்ராங்', 'டீப்' ஆகியவற்றையும் 'லைட்' என்பதன் எதிர்ச்சொற்களாகப் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

மறுமொழி 3

பெயர்ச்சொல் இல்லாமல் சேர்க்க வேண்டாம். பலமான காற்றுக்கு எதிர்நிலை 'லைட்' என்றாலும், பலமான மனிதருக்கு எதிர்நிலை 'வீக்' ஆகிவிடும். ஆழ்ந்த உறக்கத்துக்கு 'லைட்'. ஆழமான நீருக்கோ 'ஷாலோ'. எதிர்ச்சொல்லின் எதிர்ச்சொல்லைத் தேடிப்போனால் புறப்பட்ட சொல்லுக்கே திரும்பி வருவோம் என்று சொல்ல முடியாது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் தலைமையில் 1985-இல் தொடங்கிய வேர்ட்நெட் என்னும் சொற்களஞ்சியம், எதிர்மையை இரண்டு கருத்துகளுக்கு இடையிலான உறவாக அல்லாமல், இரண்டு குறிப்பிட்ட சொற்களுக்கு இடையிலான உறவாகவே பதிவு செய்கிறது. 'ரைஸ்', 'அசெண்ட்' இரண்டும் மேலேறுதலையே குறித்தாலும், முன்னதற்கு 'ஃபால்', பின்னதற்கு 'டிசெண்ட்' என்றே இணை அமைகிறது. மாற்றி இணைத்தால் ஆங்கிலேயர் செவிக்கே ஒட்டாது.

தமிழ் மாணவருக்கு இதைப் புரியவைப்பது கடினமாக இராது. லேசான மழைக்கு எதிராகக் கனமழை என்கிறோம். லேசான காற்றுக்குப் பலத்த காற்று. லேசான உறக்கத்துக்கு ஆழ்ந்த உறக்கம். லேசான தண்டனைக்குக் கடும் தண்டனை. யாரும் கற்றுத்தராமலே இவற்றைச் சரியாகச் சொல்பவருக்கு, 'ஹெவி', 'ஸ்ட்ராங்', 'டீப்', 'ஹார்ஷ்' ஆகியவை ஏறத்தாழ அதே இடங்களில்தான் வந்து நிற்கின்றன என்று காட்டினாலே போதும். ஆகவே உங்கள் தாளில் 'லைட்' என்று தனியாகக் கேட்காமல் 'லைட் ரெய்ன்', 'லைட் ப்ளூ' என்று தொடராகக் கேளுங்கள். ஒரே விடையை எதிர்பார்ப்பது அப்போது நியாயமாகும்.

மறுமொழி 1

இதோடு வினைச்சொல்லையும் விட்டுவிடாதீர்கள். மெழுகுவத்தியை ஏற்றுவதும் 'லைட்' என்பதுதான். அதற்கு 'டார்க்', 'ஹெவி' இரண்டுமே ஆகாது. ஊதி அணைத்தால் 'ப்ளோ அவுட்', பொதுவாக அணைத்தால் 'புட் அவுட்' என்று எழுத வேண்டும்.