பத்தாவது பாதியில் நின்றுவிட்டான், பனியன் கம்பெனிக்கு அனுப்பலாமா?

அவிநாசி அம்மா:
வணக்கங்க. மகனுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. போன வருடம் அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று வயிற்று வலி என்று படுத்தவன், அதற்கப்புறம் போகவே இல்லை, பொதுத்தேர்வும் எழுதவில்லை. ஒரு நாள் அவன் அப்பா பெல்ட்டை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ராத்திரி முழுக்க செல்போன், பகலெல்லாம் தூக்கம். தட்டில் சோறு போட்டுக் கதவோரம் வைத்தால் எடுத்துக்கொள்கிறான், சாப்பிட்டுக் கழுவி அதே இடத்தில் வைத்துவிடுகிறான், அவ்வளவுதான்.

என் அண்ணன், "பனியன் கம்பெனியில் டெய்லருக்குக் கையாளாகக் கைமடிக்கு அனுப்பு, நாலு காசு பார்த்தால் பொறுப்பு தானாக வரும்" என்கிறார். நோம்பிக்கு ஊருக்குப் போகவே பயமாக இருக்கிறது, எல்லாரும் பையன் என்ன படிக்கிறான் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அனுப்பிவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் டெய்லர்:
அக்கா, நான் ஒன்பதாவதில் நின்று கைமடிக்குப் போனவன், இப்போது பவர் டேபிள் தையல் மெஷின் ஓட்டுகிறேன். டெய்லர் தைக்கத் தைக்கப் பீஸை எடுத்துக் கொடுத்து, நூலை வெட்டி, அடுக்கிக் கட்ட வேண்டும், நாள் முழுக்க நின்றபடி. ஒன்றரை ஷிப்ட் என்றால் வீடு வந்து சேர ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். முதல் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் பாடப் புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்துப் படிக்க ஆசை வந்தது, ஆனால் தம்பி வயதுப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம், வாரச் சம்பளத்தை விடவும் மனசில்லை.

இன்னொன்று, வெளிநாட்டு ஆர்டர் எடுக்கும் பெரிய கம்பெனிகளில் ஆதாரைப் பார்ப்பார்கள், பதினெட்டு ஆகாதவனைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். அவனுக்குக் கிடைப்பது ஏதாவது சந்துக்குள் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்தான். அங்கே அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? வேலை கேவலம் என்று சொல்லவில்லை, என் குடும்பமே அதில்தான் சாப்பிடுகிறது. ஆனால் எதற்குப் பயந்து நின்றான் என்று தெரியாமல் அனுப்பினால், அதை அப்புறம் யாரும் கேட்கவே மாட்டார்கள். என்னை இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

கோபி டீச்சர்:
முதலில் டிசி வாங்கிவிடாதீர்கள். வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள், ஹெட்மாஸ்டரிடம் அப்புறம் போகலாம். அரையாண்டு லீவு முடிந்து திறந்ததும் விடைத்தாளைப் பேர் சொல்லி, மார்க்கையும் சொல்லிக் கொடுக்கிற வழக்கம் பல வகுப்பில் உண்டு, அந்த நாளுக்குப் பயந்தே வராத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பையன் தமிழ்ப் பாடவேளையில் தான் வாசிக்கும் முறை வருவதற்கு இரண்டு பெஞ்ச் முன்னாலேயே பாத்ரூம் போக அனுமதி கேட்பான். சேட்டை என்றுதான் நானும் பல நாள் திட்டினேன். அவனுக்கு எழுத்தைக் கூட்டிப் படிக்கவே வராது. எட்டாவது வரை பெயிலாக்குவதில்லை என்பதால் ஒன்பதாவது வரை யாருக்கும் தெரியாமலே வந்துவிட்டான். இப்படிப் படிக்கச் சிரமப்படுவது டிஸ்லெக்சியா என்று மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, சொல்வதை எழுத ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம் எல்லாம் கேட்டு வாங்கலாம். உங்கள் மகனுக்கும் அதுதான் என்று சொல்லவில்லை, பார்த்துவிடுங்கள் என்கிறேன்.

பள்ளிக்குள் கால் வைக்கவே மாட்டேன் என்றால் தனித்தேர்வராக எழுதலாம், ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பெயர் பதிய வேண்டும், பலர் அதில்தான் கோட்டை விடுகிறார்கள். கைவேலையில் விருப்பம் இருந்தால், ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சியே போதும், அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. கைமடியைவிட அது எவ்வளவோ மேல்.

பெருந்துறை அம்மா:
தட்டைக் கழுவி வைக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள், படித்ததும் அழுதுவிட்டேன். என் பையன் அதுகூடச் செய்யவில்லை. உங்களவனுக்கு இன்னும் வீட்டின் மேல் பிடிப்பு இருக்கிறது.

எங்கள் வீட்டில் பேச்சு வந்தது தோட்டத்தில். மோட்டார் ஓட்டுகிற த்ரீ பேஸ் கரண்ட் அப்போது நடு ராத்திரிதான் வரும், என் வீட்டுக்காரர் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டார். எப்படியும் முழித்துத்தானே கிடக்கிறான். பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று நான் சொல்லியே அனுப்பினேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, வரப்பில் உட்கார்ந்திருந்தபோது அவனாகவே சொன்னானாம், பஸ்ஸில் பெரிய பையன்கள் தினமும் காசைப் பிடுங்கிக்கொண்டு அடித்ததை. முகம் தெரியாத இருட்டில்தான் அதைச் சொல்ல முடிந்திருக்கிறது.

தூக்கம் இப்படித் தலைகீழானால் மனநல மருத்துவரையும் பார்த்துவிடுங்கள், பைத்தியம் என்று அர்த்தமில்லை. நாங்கள் முதலில் 14416க்குப் போன் செய்தோம், டெலி மனஸ் என்னும் மனநல உதவி எண், அரசாங்கம் நடத்துவது, காசு கிடையாது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். சாகிற பேச்சு எப்போதாவது எடுத்தானென்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

அவிநாசி அம்மா:
எல்லாருக்கும் நன்றிங்க. டீச்சர் எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும் தங்கச்சியிடம் நீட்டி "நீ படி" என்பான். வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட எழுத மாட்டான், எல்லாம் குரலில்தான். நான் இத்தனை நாளும் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. ராத்திரி தட்டை அவரே கொண்டுபோய் வைத்தார், கதவுக்கு இந்தப் பக்கமே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார். திங்கட்கிழமை வகுப்பாசிரியரைப் பார்க்க நாங்கள் இரண்டு பேருமே போகிறோம். கைமடிக்கு இப்போது வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.