மறு: ரேடியேட்டர் ரீஃபினிஷிங் – ‘மறுபூச்சு’ பொருந்தாது, ‘பூச்சுப் புதுக்கல்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். பழைய பூச்சை நீக்கிப் புதிதாகப் பூசும் ‘ரீஃபினிஷிங்’ வேலைக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ரீஃபினிஷிங் = மறுபூச்சு. சின்னச் சொல், எளிதில் புரிகிறது. இதையே வைத்துக்கொள்ளலாமே.

எளிமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய டிரக்கின் ரேடியேட்டரைப் பற்றிய குறிப்பில் இந்தச் சொல்லைப் போட்டால், படிக்கிறவர் இருக்கிற பெயின்ட் மேலேயே இன்னொரு கோட் அடித்துவிடுவார். மறுபூச்சு என்றதும் யாருக்கும் அதுதான் தோன்றும். ரேடியேட்டரில் அப்படிச் செய்வது நேரே எஞ்சின் சூட்டில் போய் முடியும்.

பெயர்தான் ரேடியேட்டர். அது கதிர்வீச்சாக வெளியேற்றும் வெப்பம் கொஞ்சம்தான், பெரும்பகுதி ஃபின்களுக்கு (வரிசையாக நிற்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு) நடுவே புகுந்து போகும் காற்றோடு போகிறது. பெயின்ட் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. மெல்லிசாக ஒரு கோட் என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் வருஷக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து ஃபின்களின் சந்து அடைபட்டால் காற்றுக்கே வழியில்லாமல் போய்விடும். கறுப்பு அடித்தால் நன்றாகக் குளிரும் என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். ஃபின்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்பதால் ஒன்று வீசும் கதிரைப் பக்கத்தில் இருப்பதே வாங்கிக்கொள்ளும், ஆகவே நிறத்தால் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. கறுப்பு அடிப்பது செம்பும் பித்தளையும் அரிக்காமல் இருக்கவும், வண்டியின் முகப்பில் இருக்கிற கிரில் கம்பிகளுக்குப் பின்னால் பளபளவென்று தெரியாமல் இருக்கவும்தான்.

சரி, வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள், சொல் அதிலிருந்துதான் வர வேண்டும். முதலில் ரேடியேட்டரைக் கழற்றி, காற்றழுத்தம் கொடுத்து ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு ஒழுக்கு தெரிந்தால் அந்த இடத்தை மறுபடி சுரண்டித்தான் ஈயம் பற்றவைக்க முடியும். அப்புறம் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டு, பூச்சியும் மண்ணும் வெளியேறும்படி கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் ஃபின் மடங்கிவிடும். மடங்கியதை நிமிர்த்த அதற்கென்றே சீப்பு இருக்கிறது. பழைய பெயின்டைக் கரைப்பான் போட்டு எடுக்க வேண்டுமே தவிர, மணல் வீசி எடுத்தால் தாள் மாதிரி இருக்கிற ஃபின்கள் கிழிந்துபோகும். பழைய பெயின்டிலும் பற்றாசிலும் (உலோகத்தை ஒட்டவைக்க உருக்கி விடும் கலவை) ஈயம் இருக்கலாம், அதனால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) பற்றிக் கேட்டவருக்கு: அதைச் சூளையில் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள், ஈய-வெள்ளீயப் பற்றாசோ 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். பற்றாசு போட்ட பழைய ரேடியேட்டருக்கு அது வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பூச்சு. குழாய் மாட்டும் வாய்களை அடைத்துவிட்டு, மேல் கீழ்த் தொட்டிகளுக்குப் பித்தளையில் பிடிக்கிற எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்து அதன்மேல் பெயின்ட். நடுவில் ஃபின்கள் இருக்கிற பகுதியான கோருக்குப் பிரைமர்கூட இல்லாமல், ரேடியேட்டருக்கென்றே வரும் மெல்லிய கறுப்பை இரண்டு பக்கமும் லேசாகத் தூவினால் போதும்.

ஆக, வேலையில் பெரும்பங்கு பழையதை நீக்கிப் பரப்பைச் சீர்செய்வது, பூசுவது கடைசியில் சிறு பங்கு. ‘மறுபூச்சு’ அந்தச் சிறு பங்கை மட்டும் சொல்கிறது. ‘மறுமெருகு’ என்று இன்னொருவர் சொன்னார், மெருகு என்றால் பளபளப்பு, இங்கே நமக்கு வேண்டியது மங்கல் கறுப்பு.

என் பரிந்துரை ‘பூச்சுப் புதுக்கல்’. புதுக்குதல் நம்மிடம் நெடுநாளாக இருக்கிற வினைச்சொல், கோயிலைப் பழுதுபார்க்க விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் புதுக்குப்புறம் என்கின்றன. பழுதை எடுத்துவிட்டு மறுபடி நல்ல நிலைக்குக் கொண்டுவருவது என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது. மரச்சாமான், பம்பர், ஸ்டீயரிங் வீல் எல்லாவற்றுக்கும் அப்படியே பொருந்தும்: ‘தொட்டியின் பூச்சைப் புதுக்கினேன்’, ‘பூச்சுப் புதுக்கிய ரேடியேட்டர்’ என்று இயல்பாக எழுதவும் வருகிறது. மறுபூச்சைத் தூக்கிப் போட வேண்டாம், மேலே இன்னொரு கோட் அடிப்பதற்கு அது சரியான சொல், ரீகோட்டிங்கிற்கு வைத்துக்கொள்வோம்.

ஃபின்னுக்குத் ‘துடுப்பு’ என்று இழையில் வந்த யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. துடுப்பு நீரைத் தள்ளுவது, இது சும்மா நின்று காற்றுக்குச் சூட்டைக் கொடுப்பது. ‘வெப்ப இதழ்’ எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். ரேடியேட்டரைப் பொறுத்தவரை, கதிர்வீசி என்று மொழிபெயர்த்தால் கொஞ்சமே நடக்கிற ஒன்றைப் பெயராக வைத்ததாகிவிடும். சூட்டை ஆற்றுவதால் ‘வெப்பாற்றி’ என்று யோசித்து வைத்திருக்கிறேன், அதைத் தனி இழையில் பேசலாம்.