கச்சத்தீவுக்கு எந்தத் திருத்தம்? எண்ணைச் சொல்லுங்கள்

சேதுக்கரையான்:
நேற்று சட்டமணி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "வெளியுறவும் பாதுகாப்பும் அமைச்சரவையின் வேலை. நாடாளுமன்றம் பேசலாம், தடுக்க முடியாது. கச்சத்தீவு ஒப்பந்தமும் அப்படித்தான் நடந்தது, சட்டப்படி ஒரு குறையும் இல்லை" என்கிறார். ஒரு குறையும் இல்லையாம்!

1958-ல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் வங்காள எல்லையில் இருக்கும் பெருபாரியைப் பாதியாகப் பிரித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். இந்திய மண்ணை இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும், ஒப்பந்தம் மட்டும் போதாது என்று 1960-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காகவே ஒன்பதாவது திருத்தம் வந்தது. சரி, 1974-ல் கச்சத்தீவுக்கு எந்தத் திருத்தம் வந்தது? எண்ணைச் சொல்லுங்கள், போதும்.

சட்டமணி:
தேவைப்படவில்லை, அதனால் வரவில்லை. கொடுத்தால்தானே திருத்தம்? இரண்டு நாடும் உரிமை கொண்டாடிய தீவு, எல்லை வகுக்கப்படாத கடல். அங்கே கோடு போட்டார்கள், அவ்வளவுதான். குஜராத்–பாகிஸ்தான் எல்லையில் இருக்கும் கட்ச் ராண் சதுப்பு நில விவகாரத்தைப் பாருங்கள். 1968-ல் தீர்ப்பாயம் தகராறில் இருந்த பகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்கு ஒதுக்கியது. திருத்தம் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். எல்லைத் தகராறைத் தீர்ப்பதற்குத் திருத்தம் வேண்டாம், அரசின் நடவடிக்கையே போதும் என்று 1969-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெருபாரி வரை படித்தவர் இன்னும் ஒன்பது வருடம் தள்ளிப் படித்திருக்கலாம்.

சேதுக்கரையான்:
படித்தேன் ஐயா. கட்சில் ஒரு தீர்ப்பாயம் இருந்தது. இரண்டு பக்க ஆவணங்களையும் வாங்கி, வாதம் கேட்டுத் தீர்ப்புச் சொன்னது. கச்சத்தீவுக்கு எந்தத் தீர்ப்பாயம் உட்கார்ந்தது? தீவு தங்களுடையது என்று காட்டும் ராமநாதபுரம் ஜமீன் ஆவணங்களை யார் மேசையில் வைத்து விசாரித்தார்கள்? இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஜூன் மாதம் கையெழுத்துப் போட்டார்கள். ஜூலை 23-ம் தேதி வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவைக்கு வந்து அறிக்கை வாசித்தார். எல்லாம் முடிந்த பிறகு! ராமநாதபுரத்தின் உறுப்பினர் முக்கையா தேவர் அன்றைக்கு எழுந்து எதிர்த்தார். அவர் தொகுதித் தீவு, அவரிடம் ஒரு ஓட்டுக்கூடக் கேட்கவில்லை. எண் எங்கே?

வடிவு:
இருவரும் ஒரே தீவைச் சுற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். பேச்சு தொடங்கியது நாடாளுமன்றத்துக்கு வெளியுறவில் என்ன அதிகாரம் என்பதில். நாடாளுமன்றம் எவற்றைப் பற்றிச் சட்டம் போடலாம் என்று அரசியல் சட்டம் வரிசைப்படுத்தும் மத்தியப் பட்டியலின் 14-வது இனம் ஒப்பந்தம் போடுவதையும் நிறைவேற்றுவதையும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றக்கூடிய விஷயமாகத்தான் வைத்திருக்கிறது. 15-வது இனம் போரும் அமைதியும். ஒப்பந்தம் எப்படிப் போட வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவர நாடாளுமன்றத்தை யாரும் தடுக்கவில்லை. இத்தனை வருடமாகக் கொண்டுவராமல் இருப்பது உறுப்பினர்களின் குற்றம். அந்த வெற்றிடத்தில்தான் மத்திய அரசின் நிர்வாக அதிகாரத்தைச் சொல்லும் 73-வது பிரிவை வைத்து அமைச்சரவை எல்லாவற்றையும் செய்கிறது.

சட்டமணி:
இதைத்தான் நானும் சொன்னேன். நன்றி அம்மா.

வடிவு:
நீங்கள் இதைச் சொல்லவில்லை. "தடுக்க முடியாது" என்றீர்கள். தடுக்க முடியும், தடுக்கவில்லை என்கிறேன் நான். என் பெயரை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

கொற்றவன்:
தீவை விடுங்கள், படையைப் பேசுங்கள். 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ஒப்பந்தம், மறுநாளே நம் படை இலங்கையில் இறங்கத் தொடங்கிவிட்டது. நாடாளுமன்றத்தில் முன்கூட்டி ஓட்டெடுப்பு நடந்ததா? இல்லை. 1990 மார்ச்சில் திரும்பி வருவதற்குள் ஏறக்குறைய 1,200 வீரர்கள் போய்விட்டார்கள். படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தில் ஒரு வரி இல்லை. அமெரிக்காவில் போர் அறிவிக்கும் அதிகாரத்தையாவது காங்கிரசின் கையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சட்டமணி:
எழுதி வைத்து என்ன பயன்? 1942-க்குப் பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் முறைப்படி ஒரு போரும் அறிவித்ததில்லை. கொரியா, வியட்நாம், இராக் எல்லாம் அறிவிப்பு இல்லாமலே நடந்தவை. அவசரத்தில் முடிவெடுப்பது அமைச்சரவைதான் தம்பி, 543 பேர் கூடிப் பேசி முடிப்பதற்குள் எல்லையில் எல்லாம் முடிந்திருக்கும்.

கொற்றவன்:
தம்பி என்று யாரைச் சொல்கிறீர்கள்? எனக்குப் பேரன் இருக்கிறான். போன மாதமும் இப்படித்தான், பதில் இல்லாத இடத்தில் வயதைக் கையில் எடுத்தீர்கள். அன்றைக்கு 2008-ல் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது என்று அடித்துச் சொன்னீர்கள். நடந்தது நம்பிக்கை வாக்கெடுப்பு. 275-க்கு 256. அரசு பிழைத்தது, ஒப்பந்தத்தின் மீது ஓட்டே எடுக்கவில்லை. இன்றுவரை அதற்குப் பதில் வரவில்லை.

சட்டமணி:
இடதுசாரிகள் ஆதரவை விலக்கியது எதனால்? ஒப்பந்தத்தால். அப்புறம் அந்த வாக்கெடுப்பு எதன் மீது? படித்தவர்களுக்குப் புரியும்.

வடிவு:
அதே விஷயத்தில் 2010-ல் நடந்ததையும் சொல்லுங்கள். அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் வந்தபோது, உலை சப்ளை செய்தவரிடமும் இழப்பீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்ற பிரிவு நாடாளுமன்ற நெருக்கடியால் கடுமையானது. அதன் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் வருடக்கணக்கில் தயங்கி நின்றன. அமைச்சரவை போட்ட ஒப்பந்தத்தின் பலனை ஒரே ஒரு சட்டப் பிரிவு மாற்றியது. இதற்குப் பெயர் அதிகாரம் இல்லையா?

சேதுக்கரையான்:
எல்லோரும் அணு உலைக்குப் போய்விட்டீர்கள், சட்டமணிக்கு வசதியாகிவிட்டது. என் கேள்விக்கு வருகிறேன். அதே 1974-ல், மே மாதம், அதே இந்திரா காந்தி முஜிபுர் ரஹ்மானோடு வங்கதேச எல்லை ஒப்பந்தம் போட்டார். அதில் நிலம் கை மாறுகிறது என்பதால் அரசியல் சட்டத் திருத்தம் இல்லாமல் நிறைவேற்ற முடியவில்லை. 41 வருடம் காத்திருந்து, 2015-ல் நூறாவது திருத்தம் நிறைவேறிய பிறகுதான் ஒரு நாட்டுக்குள் சிக்கிக் கிடந்த இன்னொரு நாட்டு நிலத் துண்டுகளில் 111 இந்தியத் திட்டுகள் அந்தப் பக்கமும் 51 திட்டுகள் இந்தப் பக்கமும் மாறின. வங்காளத்து நிலத்துக்கு நூறு என்று எண் இருக்கிறது. பெருபாரிக்கு ஒன்பது என்று எண் இருக்கிறது. எங்கள் 285 ஏக்கருக்கு மட்டும் எண் கிடையாது. ஏன்? யாருடைய ஓட்டுக்குப் பயப்பட வேண்டும், யாருடையதற்குப் பயப்பட வேண்டாம் என்று டெல்லிக்குத் தெரியும், அதனால்தான்.

சட்டமணி:
உணர்ச்சி வேறு, சட்டம் வேறு. அந்தத் திட்டுகள் இந்திய நிலம் என்பதில் தகராறே இல்லை. கச்சத்தீவில் தகராறு இருந்தது. தகராறு இருந்த இடத்தைத் தீர்ப்பது கொடுப்பது ஆகாது. நூறு முறை கேட்டாலும் இதுதான் பதில்.

சேதுக்கரையான்:
பெருபாரியிலும் தகராறு இருந்தது! பிரிவினையின்போது ராட்கிளிஃப் போட்ட எல்லைக் கோட்டின் வர்ணனையைப் பாகிஸ்தான் வேறு மாதிரி படித்ததில்தான் எல்லாம் தொடங்கியது. அங்கே இது எல்லைப் பிரச்சினைதான், திருத்தம் வேண்டாம் என்று மத்திய அரசே வாதாடிப் பார்த்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே வாதத்தை இன்றைக்கு நீங்கள் புதுசு மாதிரி கொண்டுவருகிறீர்கள். தகராறு என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் எந்த மண்ணையும் அமைச்சரவை கொடுத்துவிடலாமா?

கொற்றவன்:
2014-ல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னாரே, கச்சத்தீவு வேண்டுமென்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்று. கொடுக்கவே இல்லை என்றால் எதைத் திரும்ப எடுக்கப் போர்?

சட்டமணி:
வழக்கறிஞர் வாய்பேச்சில் சொன்னதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. எனக்கு இன்னொரு வேலை இருக்கிறது.

சேதுக்கரையான்:
போகுமுன் 1976 மார்ச் கடிதங்களையும் படித்துவிட்டுப் போங்கள். 1974 ஒப்பந்தத்தில் நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போகலாம் என்றாவது இருந்தது. 1976-ல் இலங்கைக் கடலில் நம் படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று வெளியுறவுச் செயலாளர்கள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். அப்போது நெருக்கடி நிலை, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். தமிழ்நாட்டில் ஜனவரி 31-ம் தேதியே ஆட்சியைக் கலைத்தாகிவிட்டது, சட்டமன்றமும் கிடையாது. கேட்க யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் மீனவன் கையிலிருந்த கடலைப் பிடுங்கினார்கள். இதையும் எல்லைக் கோடு என்றுதான் சொல்லப் போகிறீர்களா?

சட்டமணி:
ஆமாம். கடல் எல்லைக் கோடுதான்.