அலகை எந்தப் பக்கம் எண்ணுவது? இசை ஆய்வுப் பயிலரங்குகளில் கண்டதும் கேட்டதும்

திருப்பாதிரிப்புலியூர், ஆய்வு மாணவி:

புதுச்சேரியில் நடந்த பயிலரங்கில் என் கட்டுரைக்கு 15 நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் காட்டும் அலகுக் கணக்கு, அதாவது ஏழு நரம்புகளின் (சுரங்களின்) இடைவெளியை அளக்கும் கணக்கு, இங்கே எல்லோரும் அறிந்ததுதான்: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. பலகையில் 22 கட்டங்கள் வரைந்து, குரலைத் தொடக்கமாக வைத்து, ஒவ்வொரு நரம்பின் அலகையும் அதற்கு முந்திய நரம்பிலிருந்து ஏறிவரும் தொலைவாகக் கொண்டு புள்ளி வைத்தேன். உழை 9ஆம் கட்டத்திலும் தாரம் 18ஆம் கட்டத்திலும் விழுந்தன. செம்பாலை என்னும் பழந்தமிழ்ப் பாலை இன்றைய ஹரிகாம்போதி இராகமாக வந்தது. அவையினர் தலையசைத்தார்கள்.

அப்போது முதுகலை முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுந்து, “அக்கா, குரலோட நாலு அலகைக் குரலுக்கு அப்புறம் எண்ணினா என்ன வரும்?” என்று கேட்டார். ஒவ்வொரு நரம்பின் அலகையும் அதற்கு அடுத்த நரம்புக்கு ஏறிப்போகும் தொலைவாகக் கொண்டு புள்ளி வைத்துப் பார்த்தேன். உழை 11க்கும் தாரம் 20க்கும் நகர்ந்தன. பலகையில் கல்யாணி இராகம் நின்றது. இளி மட்டும் இரண்டு முறையிலும் 13ஆம் கட்டத்தை விட்டு அசையவில்லை. இத்தனை நாள் நான் இளியை மட்டுமே சரிபார்த்து வந்ததால் இது என் கண்ணில் படவே இல்லை. சுண்ணக்கட்டியும் கையுமாக நான் நிற்கும்போதே, நேரம் முடிந்தது, தேநீர் அருந்திவிட்டு வாருங்கள் என்று அமர்வுத் தலைவர் அறிவித்துவிட்டார். அந்தப் பெண் தன் கேள்விதான் பிழை என்று நினைத்தவர்போலக் குறிப்பேட்டை மூடி வைத்தார். நான் தேடிப் போவதற்குள் பேருந்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் குறிப்பேட்டை மூடிய அந்தக் காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை.

வில்லியனூர், இசை ஆசிரியர்:

நான் சென்றது பண்ணும் இராகமும் பற்றிய ஒரு பயிலரங்கு. காலையில் இறைவணக்கம் பாட அழைத்திருந்த முதிய ஓதுவார், திரும்பிச் செல்ல வண்டி வராததால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திருவதிகையில் அப்பர் பாடிய முதற்பதிகம் கொல்லிப் பண் என்றும், கொல்லி இன்றைய நவரோஜ் என்றும், நவரோஜ் மந்தர பஞ்சமத்திலிருந்து மத்திய பஞ்சமம் வரைதான், அதாவது கீழ்ப் ‘ப’விலிருந்து நடுப் ‘ப’ வரைதான், உலவும் என்றும் பேச்சாளர் அட்டவணை காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பாதியில் யாரோ ஓதுவாரைப் பாடிக்காட்டச் சொன்னார்கள்.

மேடையில் ஆர்மோனியம் வேறொருவர் சுருதிக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. ஓதுவார் அருகில் வந்து அதன் துருத்தியை மெல்ல அழுத்தி மூடினார். அரங்கம் முழுதும் அடங்கியது. “கூற்றாயினவாறு” என்று எடுத்தார். பாடி முடித்தபின், “எங்க ஐயா பண்ணுன்னு சொல்லித்தான் கத்துக்கொடுத்தார். ராகப் பேரைப் பின்னாளில் புத்தகத்துலதான் பார்த்தேன்” என்றார். ஒருவர்கூட அதைப் பதிவு செய்யவில்லை. ஆறு மாதம் கழித்து வந்த கட்டுரைத் தொகுப்பில் அவர் பெயர் இறைவணக்கத்தோடு முடிந்துவிட்டது. அவர் பாடியது அந்த நாளின் ஆய்வு இல்லையா?

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்:

சிதம்பரத்தில் ஓர் அரங்கில் நானும் இதே அலகுக் கணக்கில் தடுமாறியிருக்கிறேன். அதைச் சொல்லவே வந்தேன். ஆனால் முதலில் எழுதிய மாணவிக்குச் சில செய்திகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செம்பாலை ஹரிகாம்போதிதான் என்று முடிந்த முடிவாக எழுதாதீர்கள், அம்மா. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 22 அலகையே ஏற்கவில்லை; 24 என்றே வாதிட்டார். அவருக்குச் செம்பாலை சங்கராபரணம். விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

அடுத்து, இளியை மட்டும் சரிபார்ப்பது போதாது. ஒவ்வொரு நரம்பிலிருந்தும் ஐந்தாவதாக வரும் நரம்புக்கு எத்தனை அலகு என்று எண்ணி, ஏழு நரம்புகளையும் சுற்றி வாருங்கள். உங்கள் முறையில் குரல்–இளி 13, இளி–துத்தம் 13, துத்தம்–விளரி 12, விளரி–கைக்கிளை 13, கைக்கிளை–தாரம் 11, தாரம்–உழை 13, உழை–குரல் 13. அந்தப் பெண் கேட்ட முறையில் 12 என்பது கைக்கிளை–தாரத்துக்கும் 11 என்பது உழை–குரலுக்கும் போய்விடுகின்றன. இரண்டிலும் ஐந்து 13, ஒரு 12, ஒரு 11. எனவே கூட்டிக் கழித்து இதைத் தீர்த்துவிட முடியாது. உரையை மூலத்தோடு படியுங்கள், உ. வே. சாமிநாதையரின் 1892 பதிப்பிலிருந்து தொடங்குங்கள். சரிபார்ப்பை ஆர்மோனியத்தில் செய்ய வேண்டாம். அதன் கட்டைகள் 12 சம பங்காகப் பிரிந்தவை, 22 அலகின் நுட்பம் அதில் நில்லாது.

வில்லியனூர் நண்பரே, தொகுப்பாசிரியரைக் குறை கூறுவதைவிட, அந்த ஓதுவாரிடம் நீங்களே சென்று பதிவு செய்திருக்கலாமே.

வில்லியனூர், இசை ஆசிரியர்:

ஐயா, சென்றேன். அவர் மகன் வாசலிலேயே செய்தியைச் சொன்னார்.

விருத்தாசலம், முதுகலை மாணவர்:

எனக்குப் பயிலரங்கில் திரையில் காட்டிய ஒரே ஒரு பட வில்லைதான் (ஸ்லைடு) நினைவில் நிற்கிறது. தேவாரப் பண்கள் மீட்கப்பட்ட வரலாறு என்று தலைப்பிட்டு, கீழே இராசராசன், நம்பியாண்டார் நம்பி என்று இரண்டு பெயர்களை மட்டும் போட்டிருந்தார்கள். பண்களை வகுத்துத் தந்தவர் திருஎருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்றுதான் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அந்த ஊர் இன்றைய இராசேந்திரப்பட்டினம். எங்கள் பக்கத்து ஊர். கையை உயர்த்தி இதைச் சொன்னேன். “அது மரபுக் கதை” என்றார்கள். மற்ற இருவர் சுவடிகளை மீட்ட செய்தியும் அதே புராணத்தில்தானே இருக்கிறது!

திருப்பாதிரிப்புலியூர், ஆய்வு மாணவி:

பேராசிரியர் ஐயாவுக்கு நன்றி. முடிந்த முடிவாக நான் எழுதவில்லை. என் கட்டுரையின் தலைப்பே அதைக் கேள்வியாகத்தான் வைத்திருந்தது. ஆனால் 12 வரும் இடத்தை நான் தேடவே இல்லை என்பது உண்மை. அந்த மாணவியின் துறை வழியாக அவருடைய எண்ணைப் பெற்றுவிட்டேன். வரும் சனிக்கிழமை அவர் கடலூருக்கு வருகிறார். தம்புராவை மீட்டிக்கொண்டு, துத்தம்–விளரி 12 அலகில் காதுக்கு எப்படி விழுகிறது என்பதை முதலில் இருவரும் கேட்கப் போகிறோம்.