முட்டம், ஆனி-ஆடிக் கடல்: வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த படங்களை ஹெச்டிஆரில் சேர்த்தால் அலை இரட்டையாகிறது, பாறை சாம்பலாகிறது. எங்கே தவறு?

ஆடிச்சாரல்:
வணக்கம் நண்பர்களே. இடம் கன்னியாகுமரி மாவட்டம் முட்டம், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கும் பாறைகள். நேரம் மாலை 6 மணிக்கு மேல். தென்மேற்குப் பருவ மேகம் வானத்தை முழுக்க மூடியிருக்க, மேற்கே ஒரு கீறல் மட்டும் திறந்து வெளிச்சம் கொட்டும். கீறலுக்கு மீட்டர் பார்த்தால் பாறை கரிக்கட்டை ஆகிறது. பாறைக்குப் பார்த்தால் கீறல் வெறும் வெள்ளை.

கேமரா 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார், லென்ஸ் 18-55 கிட், அலுமினிய ட்ரைபாட், முன்னால் யூவி ஃபில்டர். எஃப்/16, ஐஎஸ்ஓ 100, ரா (சென்சார் பதிந்த தரவு அப்படியே). 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) இடைவெளியில் மூன்று படம்: 1/60, 1/15, 1/4. லைட்ரூமில் ஹெச்டிஆர் மெர்ஜ், டீகோஸ்ட் 'ஹை'.

அலையின் முகடு இரண்டு மூன்றாகத் தெரிகிறது. டீகோஸ்ட் போட்டால் இரட்டை போய்விடுகிறது, ஆனால் தண்ணீரில் திட்டுத்திட்டாக நாய்ஸ், அதாவது பொரிப்பொரியான புள்ளிகள். கறுத்த பாறை சாம்பல் பூசியதுபோல் வருகிறது. பாறைக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளை விளிம்பு ஓடுகிறது. போதாக்குறைக்கு எல்லாப் படத்திலும் நீர்த்திவலைப் புள்ளிகள். எதை மாற்ற வேண்டும்?

கச்சான்காற்று:
அலையிலிருந்து ஆரம்பிக்கிறேன், மூலக்கோளாறு அங்கேதான். கரையோரம் 2 மீட்டர் ஆழத்தில் வரும் அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ நாலரை மீட்டர். உங்கள் கேமரா நொடிக்கு 5 படம் எடுக்கும் என்றால் முதல் படத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அலை இரண்டு மீட்டர் நகர்ந்துவிடும். அதோடு 1/60இல் துளி துளியாக நிற்கும் நுரை 1/4இல் பால்போல் இழுபட்டுவிடும். இடமும் வேறு, உருவமும் வேறு. எந்த மென்பொருளாலும் இந்த மூன்றையும் ஒரே அலையாக ஆக்க முடியாது. டீகோஸ்ட் செய்வது, அசைந்த இடங்களில் ஏதோ ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. சில இடத்தில் அது இருண்ட படத்தைப் பிடித்து அதன் வெளிச்சத்தைத் தூக்கிவிடும். உங்கள் நாய்ஸ் திட்டுகள் அப்படி வந்தவைதான்.

ஆகவே கடல் முழுவதும் ஒரே ஒரு படத்திலிருந்து வரவேண்டும். இதில் சமரசமே வேண்டாம். வானத்துக்கு வேறொன்று, தேவைப்பட்டால் பாறைக்கு இன்னொன்று. கேமராவே எக்ஸ்போஷரை மாற்றி மாற்றி எடுக்கும் ஆட்டோ பிராக்கெட்டை மறந்துவிட்டு மேனுவலில் எடுங்கள்.

எஃப்/16 வேண்டாம். ஏபிஎஸ்-சியில், சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் கூர்மை குறையும், லென்ஸ் மேல் இருக்கும் ஒவ்வொரு திவலையும் துல்லியமாகப் பதியும். எஃப்/8க்கு வந்தால் உங்கள் நடுப்படம் 1/15இலிருந்து 1/60 ஆகிவிடும். ஃபோகஸை மேனுவலில் பூட்டுங்கள், ஒயிட் பேலன்ஸை 6000 கெல்வின் பக்கம் நிறுத்துங்கள், ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள்.

முதலில் கடல். நுரை வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்து, ஒரே அமைப்பில் இருபது முப்பது படம் எடுங்கள். நுரை ஒருமுறை கிளிப் ஆனால் (விவரமே இல்லாமல் வெளுத்தால்) சுண்ணாம்புபோல் நிற்கும், பிறகு மீட்க வழியில்லை. பாறையில் மோதிச் சிதறும் நீர் வேண்டுமென்றால் 1/500 ஷட்டர். அதற்கு ஐஎஸ்ஓ 800 ஆனாலும் பரவாயில்லை. பின்வாங்கும் நீரின் கோடுகள் வேண்டுமென்றால் 1/4 முதல் 1/2 நொடி: எஃப்/11இல் என்டி8 (வெளிச்சத்தை எட்டில் ஒன்றாக்கும் ஃபில்டர்) போட்டால் உங்கள் வெளிச்சத்துக்கு 1/4 கிடைக்கும். ஒரு நொடிக்கு மேல் போனால் கொந்தளிப்பு பஞ்சாகிவிடும், புயல்கடல் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

உடனே, கேமராவைத் தொடாமல் ரிமோட்டில், வானத்துக்கு 2 அல்லது 3 ஸ்டாப் குறைத்து ஒன்று. பாறைக்கு 2 ஸ்டாப் கூட்டி ஒன்று. கடைசிக் கடல் படத்துக்கும் இவற்றுக்கும் அரை நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். மேகமும் ஓடும், அதன் நிழல் தண்ணீரிலும் மாறும். 2 நொடி டைமர் இங்கே உதவாது, அலை உங்களுக்காகக் காத்திருக்காது.

கீறலும் மூடி வானம் ஒரே சாம்பலாக இருந்தால் ஹெச்டிஆர் தேவையே இல்லை. அந்த வெளிச்சம் ஒரே ரா ஃபைலில் அடங்கும். ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) இரண்டு ஓரத்திலும் முட்டாமல் நின்றால் ஒரு படம் போதும்.

இருட்டறை:
மேலே சொன்னதை முழுக்க ஏற்கிறேன். பாறை ஏன் சாம்பலாகிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் பலரும் மென்பொருளைக் குற்றம் சொல்லிக்கொண்டு இதைத் தவறவிடுகிறார்கள்.

கீறலின் வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறி, படம் முழுக்க மெல்லிய வெள்ளைத் திரையாகப் படர்கிறது. யூவி ஃபில்டரும் அதன்மேல் காய்ந்த உப்பும் இதை இன்னும் கூட்டும். இருண்ட படத்தில் இது தெரியாது. 2 ஸ்டாப் கூட்டிய படத்தில் அந்தத் திரையும் நாலு மடங்கு கூடி, பாறையின் கறுப்பில் உட்கார்ந்துவிடும். நீங்கள் நிழல் விவரம் என்று நினைத்து எடுத்தது பாதி சிதறல் வெளிச்சம். அதை ஷேடோஸ் ஸ்லைடரில் மேலும் தூக்கினால் சாம்பல் வராமல் வேறென்ன வரும்?

பாறைப் படத்தை எடுக்கும்போது மட்டும் கீறலைக் கையாலோ கறுப்பு அட்டையாலோ மறையுங்கள். கை ஃப்ரேமுக்குள் வந்தாலும் கவலை வேண்டாம், அந்தப் படத்தில் பாறையை மட்டும்தானே எடுக்கப்போகிறோம். வெயில் எதிரே இருக்கும்போது யூவி ஃபில்டரைக் கழற்றுவது நல்லது. திவலை அதிகம் என்றால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் சுத்தமாக இருக்கவேண்டும். பாறைக்கு இன்னொரு வழியும் உண்டு: பாறை அசையாது, ஆகவே கடலுக்கு எடுத்த படங்களில் நாலைச் சராசரி செய்தால் நாய்ஸ் பாதியாகும். 2 ஸ்டாப் கூட்டிய படமே பல நேரம் தேவைப்படாது.

வெள்ளை விளிம்புக்குக் காரணம் டோன் மேப்பிங், அதாவது வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்துக்குள் அடக்குவது. ஹைலைட்ஸ் மைனஸ் 100, ஷேடோஸ் ப்ளஸ் 100, கிளாரிட்டி 60 என்று இழுத்தால் ஓரங்களில் ஒளி வழியும். தனித்தனி எக்ஸ்போஷரை மாஸ்க்கில் (எந்தப் பகுதி தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று சொல்லும் திரை) சேர்த்தால் ஸ்லைடர்களை அந்த அளவு இழுக்க வேண்டியிருக்காது.

ஒரு சோதனை: நுரையை விட்டுவிட்டுப் பார்த்தால், கடல் தான் பிரதிபலிக்கும் வானத்தைவிட வெளிச்சமாக இருக்க முடியாது. வானத்தை அதிகம் இருட்டிவிட்டு அதன் கீழே பளபளக்கும் கடலை வைத்தால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் அது பொய்யாகப் படும். வானப் படத்தை முழு பலத்தில் ஒட்டாமல் 60-70 சதவீத ஒபாசிட்டியில் நிறுத்துங்கள்.

இந்த வேலை டிஜிட்டலோடு வந்ததும் அல்ல. அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதில் இருந்த கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு அதிகமாக எதிர்வினை காட்டியதால் வானம் வெளுத்துவிடும். அதனால் 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, தொடுவானக் கோட்டில் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். நாம் செய்வதும் அதையேதான்.

ஆடிச்சாரல்:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பாறை தொடுவானத்தைத் தாண்டி மேலே நிற்கிறது, அங்கே மாஸ்க் எப்படிப் போடுவது? என்னிடம் ஃபோட்டோஷாப் இல்லை. அப்புறம் அந்தத் திவலைகள்?

இருட்டறை:
ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். இரண்டு ராவையும் ஒரே ஒயிட் பேலன்ஸ், ஒரே லென்ஸ் திருத்தத்தோடு 16 பிட் டிஃப் ஃபைலாக எடுத்து, கடல் படத்தைக் கீழேயும் வானப் படத்தை மேலேயும் லேயராக வையுங்கள். மேல் லேயருக்கு மாஸ்க் சேர்த்து, அதில் கடல் படத்தின் கறுப்பு-வெள்ளை நகலை ஒட்டுங்கள். வானம் வெள்ளை, பாறை கறுப்பு என்று பாறையின் வடிவம் தானாகவே வந்துவிடும். லெவல்ஸில் கான்ட்ராஸ்டைக் கூட்டி, தொடுவானத்துக்குக் கீழே நுரை வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் கறுப்புப் பிரஷ்ஷால் மூடிவிடுங்கள். பாறை ஓரத்தில் 2-3 பிக்சல் மங்கல் போதும். திறந்த தொடுவானத்தில் சாரல் மூட்டம் இருப்பதால் 20-40 பிக்சல் தாங்கும். என்ஃபியூஸ், டார்க்டேபிளின் ஹெச்டிஆர் இணைப்பு இரண்டுமே இலவசம்தான், ஆனால் அசைவைக் கண்டுகொள்ளாது. அலைக்கு வேண்டாம்.

மணல்திட்டு:
திவலைக்கு: உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புப் பொருக்கு கண்ணாடியைக் கீறும். முதலில் புளோயர், பிறகு நல்லதண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர், கடைசியாக உலர்ந்தது. நாலைந்து துணி வேண்டும், ஏனென்றால் ஒருமுறை உப்பு ஏறிய துணி மறுபடி பூசத்தான் செய்யும். படம் எடுக்காத நேரத்தில் லென்ஸைக் காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள். 18-55 கிட் லென்ஸ் நீளும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும், ஆகவே ஜூமை முதலிலேயே நிறுத்திவிட்டு பாலிதீன் பையை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். அங்கே லென்ஸ் மாற்றவே கூடாது.

ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களை அகட்டித் தாழ்வாக வையுங்கள். பையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொடவேண்டும், அந்தரத்தில் ஆடினால் ட்ரைபாடும் ஆடும். மணலில் ஒவ்வொரு அலையும் காலடி மணலை அரிக்கும், முதல் படமும் பத்தாவது படமும் ஒத்துவராமல் போக அதுவே காரணம். வீடு திரும்பியதும் பூட்டுகளைக் கழற்றி நல்லதண்ணீரில் அலசுங்கள். அலுமினியத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும்.

நிற்கும் இடம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், ஆபத்து அதில் இல்லை. தெற்கே வெகுதூரத்துப் புயலில் கிளம்பி வரும் நீளமான அலை, மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்வது, உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் வந்து பாறையை மூடும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு எச்சரிக்கை வெளியிடுகிறது, கிளம்புமுன் பாருங்கள். போனதும் ட்ரைபாடை விரிக்காமல் 20 நிமிடம் சும்மா நின்று கவனியுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவே நீண்ட அமைதி இருக்கும். ஈரமான பாறை என்றால் அங்கே அலை வந்துபோயிருக்கிறது. பாசி படிந்து வழுக்கும் பாறை என்றால் அடிக்கடி வருகிறது. காய்ந்த பாறைக்கும் பின்னால், ஓடிவரத் தடையில்லாத இடத்தில் நில்லுங்கள். இடி கேட்டால் ட்ரைபாடை மடக்கிவிட்டுப் போய்விடுங்கள், கார்பன் ஃபைபரும் மின்சாரம் கடத்தும்.

கச்சான்காற்று:
ஒன்று விட்டுப்போனது. ஜூனில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி, கரைப்பக்கமாக ஒதுங்கி மறையும். அலைக்குப் பக்கவெளிச்சம் கிடைக்கும். கேமராவைத் தெற்கே கொஞ்சம் திருப்பினால் கீறல் ஃப்ரேமை விட்டு வெளியே போய்விடும், முகட்டின் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் நிற்கும். அந்தக் கோணத்தில் ஒரே ராவில் வேலை முடிந்துவிடும், முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.