சாக்லேட் வேண்டாம், சர்க்கரை கொடு

பதினோரு வயதில் எனக்கு டைப் 1 நீரிழிவு வந்தது. "இனிப்பு நிறையத் தின்றாளா?" என்று கேட்காத உறவினர் இல்லை. இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது, ஆயுளுக்கும் ஊசிதான். அம்மாவின் கவலை வேறு. "வெளியே மூச்சு விடாதே. நாளைக்கு ஒரு வரன் வர வேண்டும்" என்பாள். அதனால் பள்ளிக் கழிப்பறையில், தாழ்ப்பாளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வேன்.

பிளஸ் ஒன் டியூஷனில் அவன் பழக்கமானான். கோவில்பட்டிக்காரன். வெள்ளிக்கிழமைதோறும் கடலைமிட்டாய் கொண்டுவருவான். நான் சாப்பிடக் கூடாது என்றில்லை, அதற்குரிய ஊசியைப் போட வேண்டும். அவன் முன்னால் எப்படிப் போடுவது? பைக்குள் வைத்துவிடுவேன்.

ஒருநாள் மதியம் வழக்கமான அளவு ஊசி போட்டுவிட்டுப் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். மாலை டியூஷனில் கை நடுங்கியது, பிடரியெல்லாம் வியர்வை. "என்ன ஆச்சு?" என்றவனிடம் எரிந்து விழுந்தேன். சர்க்கரை இறங்கும்போது அந்தக் கோபமும் வரும், அது நம் வசத்தில் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பதறிப்போய்ச் சாக்லேட்டை நீட்டினான். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். "அது வேண்டாம். சர்க்கரை. ஓடு" என்றேன்.

டீக்கடையிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தில் வாங்கி வந்தான். மூன்று ஸ்பூன் இருக்கும். அள்ளி வாயில் போட்டேன், உதடெல்லாம் ஒட்டியது. பதினைந்து நிமிடம் கழித்து, ஒளிக்காமல், அவன் முன்னாலேயே விரலைக் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 82, சரியான அளவுக்கு ஏறியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்படியானால் மிட்டாயெல்லாம்?"

"தம்பி தின்றான்."

அதன் பிறகு அவன் ஜியோமெட்ரி பெட்டியில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. "சாப்பிட்டாயா?" என்பதை விட்டுவிட்டு "எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்கத் தொடங்கினான். சில நாட்களில் அது அம்மாவின் அதட்டல்போல ஒலிக்கும், சண்டை வரும். கல்லூரிக்கு வெவ்வேறு ஊர் போனோம், கடிதம் குறைந்தது, நின்றது. நோய் அதற்குக் காரணமில்லை. அதில் எனக்கு இன்றும் ஒரு நிம்மதி.

பல வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சொஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு அம்மா கண்ணால் ஜாடை காட்டினாள், உள்ளே போய்ப் போட்டுக்கொள் என்று. நான் கூடத்திலேயே உட்கார்ந்து, இன்சுலின் பேனாவை எடுத்து, ஆறு யூனிட் திருகினேன்.