பாட்டியின் நீலப் பூத்தட்டு: உடைந்த இடத்தில் மண் தெரிகிறதே, இது சீனப் பீங்கான்தானா?

பட்டர்வொர்த் வாசகி:
வணக்கம். பாட்டி ஜார்ஜ் டவுனில் ஒரு துரை வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அவர்கள் ஊருக்குப் புறப்பட்டபோது கொடுத்த தட்டு இது. வெள்ளையில் நீலச் செவ்வந்திப் பூக்கள். சீனத்துத் தட்டு என்றே சொல்லி வளர்த்தார்கள். பொங்கலுக்குத் துலக்கும்போது விளிம்பில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்துவிட்டது. உள்ளே வெள்ளையாக இல்லை, பிஸ்கட் நிற மண். மனம் தாங்கவில்லை. போலியா? இதில் சாப்பிடலாமா?

ஈப்போக்காரன்:
எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று உண்டு அக்கா. பின்புறம் ஏதாவது முத்திரை இருக்கிறதா?

சூளைக்காரர், கோலாலம்பூர்:
கலங்காதீர்கள் அம்மா. முப்பது ஆண்டுகளாக மண்பாண்டம் சுடுகிறேன். நான் முதலில் பார்ப்பதே உடைந்த இடத்தைத்தான். சீனப் பீங்கான் ஏறத்தாழ 1,300 டிகிரியில் வெந்தது, உள்ளும் வெள்ளையாக இருக்கும். உங்களுடையது சாதாரண மண், மேலே வெள்ளைப் பூச்சு. அந்த வெண்மை வெள்ளீயத்தால் வருவது. பித்தளைப் பானைக்கு நம் வீடுகளில் பூசுவார்களே, அதே உலோகம். கோலாலம்பூரை ஊராக்கியதும் அதுதான்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக் குயவர்களின் முறை இது. 1620-இல் வான்லி பேரரசர் மறைந்தபின் சீனாவில் குழப்பம் மூண்டு, பீங்கான் வரத்து குறைந்தது. பீங்கான் மண் கிடைக்காத அவர்கள், வெள்ளீயப் பூச்சின் மேல் கோபால்ட் நீலத்தால் சீனப் பூக்களை வரைந்தார்கள். சுடாத பூச்சு மாவுபோல் உலர்ந்திருக்கும். தூரிகை பட்டதும் நீலத்தை உறிஞ்சிக்கொள்ளும். அழிக்க முடியாது. நானே முயன்று பார்த்தேன்: கை அரை நொடி தயங்கினால் அங்கே நீலம் திட்டாகக் கறுக்கிறது. அந்தக் கைகளை நினைத்தால் வணங்கத் தோன்றுகிறது.

ஆனால் வயதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். டெல்ஃப்டில் 1653-இல் தொடங்கிய பட்டறை ஒன்று இன்றும் இயங்குகிறது. அதே நாட்டு மாஸ்ட்ரிக்ட் நகர ஆலைகளின் அச்சுப்பூத் தட்டுகளும் 19-ஆம் நூற்றாண்டில் நம் பக்கம் ஏராளமாக வந்தன. பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் கைவேலை. அச்சென்றால் பூங்கொடி ஓரிடத்தில் ஒட்டுத் தெரிய வெட்டுப்படும். விளிம்பின் அடியில் மூன்று சிறு தழும்புகள் உண்டா? சூளையில் தட்டைச் சிறு மண் முளைகள் தாங்கிய இடம் அது.

சாப்பிட வேண்டாம். இந்தப் பூச்சில் காரீயம் என்ற நச்சு உலோகமும் சேரும். ரசம், தயிர், ஊறுகாய் பட்டால் அது உணவில் இறங்கும்.

பட்டர்வொர்த் வாசகி:
ஐயா, இப்போதுதான் பார்த்தேன். மூன்று தழும்புகளும் இருக்கின்றன! இலைக்காம்பு ஒவ்வொன்றின் முனையிலும் நீலம் கறுத்துத் தேங்கியிருக்கிறது. முத்திரை இல்லை.

சூளைக்காரர், கோலாலம்பூர்:
அப்படியானால் கையால் வரைந்ததுதான் அம்மா. பெயர்ந்த சில்லு எங்கே? பசை எதுவும் போட்டுவிடாதீர்கள்.

பட்டர்வொர்த் வாசகி:
தொட்டி வடிகட்டியில் கிடந்தது. பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.